என் வீட்டுக்காரர் மாட்டிய பெட்ரோல் பில்டர்

என் வீட்டுக்காரர் நடராஜனுக்குத் தெரியாத வேலையே உலகத்தில் கிடையாது. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் எலெக்ட்ரீசியன், கொத்தனார், கார் மெக்கானிக். அவர் ரிப்பேர் பார்த்த மிக்ஸி இன்னும் ஷாக் அடிக்கிறது.

தொண்ணூற்று நான்கில் ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. பி.எட். முடித்துப் பதினோரு வருஷம் அடுப்படியில் கிடந்தவளுக்கு வந்த முதல் கார்டு. காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

"வீட்ல கார வச்சுக்கிட்டு பஸ்ல போனா ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

எங்கள் பழைய பியட் காரோ திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது. டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை வடிகட்டும் பில்டர் கறுத்துப்போய் அடைத்திருந்தது. நானே பேட்டைக்குப் போய், இப்ராஹிம் பாய் பட்டறையில் புதுசு வாங்கி வந்தேன். "இதுல போட்டிருக்க அம்புக்குறி எஞ்சினைப் பாத்து இருக்கணும்மா" என்று பாய் சொன்னதை அப்படியே இவரிடம் சொன்னேன்.

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் பூஜை. பில்டருக்கும் நடந்தது. சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்துக் கும்பிட்டார். பிறகு கிளிப்பைத் தளர்த்திப் பழசை உருவி, வேட்டியெல்லாம் பெட்ரோல் சிந்தப் புதுசை மாட்டினார்.

"அம்புக்குறியைப் பாத்தியளா?"

"ஏளா, இது பொம்பளை சோலி இல்ல. உள்ள போ."

மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகும் வழியில், கருங்குளம் தாண்டியதும் வண்டி நின்றது. பிளக்கைத் துடைத்தார், பேட்டரியைத் தட்டினார், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். பஸ்ஸுக்குக் கைகாட்டப் போனவளை "அஞ்சே நிமிசம்" என்று பிடித்து நிறுத்தினார். பத்தரைக்கு அவர் ஓய்ந்துபோய் டீ குடிக்க நகர்ந்த பிறகுதான் என்னால் பக்கத்தில் போக முடிந்தது. பில்டரில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். அடியில் அம்புக்குறி, பின்னால் டாங்கைக் காட்டிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவையோடு நானே கழற்றித் திருப்பி மாட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது.

"ஆளை எடுத்தாச்சும்மா" என்றார் பள்ளிக்கூடத்து எழுத்தர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த தன் அக்காவிடம் இவர் சொல்கிறார்: "இவ வேலைக்குப் போறது சாமிக்கே புடிக்கல. அதான் பாதி வழியிலயே தடுத்துட்டு."

காபியோடு போன நான் டம்ளரை அவர் முன்னால் டக்கென்று வைத்தேன்.

"சாமி மேல பழியப் போடாதிய. மாத்தி மாட்டுனது நீங்க. என் வேலையக் கெடுத்ததும் நீங்கதான்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, காபியில் சீனி குறைவு என்றார்.