மேல்காட்டுப் பண்ணைக்குட்டை

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது மானாவாரிக் கரிசல் காடு. மேட்டுப் பங்கு எங்களுடையது. அதை ஒட்டிக் கீழே இருப்பது கணவரின் அண்ணனான என் மூத்தாருடையது. என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருப்பதால் வெள்ளாமையை நான்தான் பார்க்கிறேன். போன இரண்டு வருடமும் மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் மழை நின்றுபோய்ப் பயிர் காய்ந்தது. மழைத் தண்ணீரைத் தேக்கிவைக்க அரசாங்கமே காட்டில் பண்ணைக்குட்டை வெட்டித் தருகிறது என்று அப்போதுதான் பஸ்ஸில் ஒரு பெண் சொல்லக் கேட்டேன்.

எங்கே போய்க் கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. விதை வாங்கும் வேளாண்மை ஆபீஸில் விசாரித்தால், அது தங்கள் வேலை இல்லை, பெரம்பலூரில் வேளாண்மைப் பொறியியல் துறைக்குத் தனி ஆபீஸ் இருக்கிறது என்றார்கள். அங்கே போனால், பட்டா கூட்டாக இருக்கிறது, பங்காளியும் சம்மதிக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். மூத்தார் முதலில் பிடி கொடுக்கவில்லை. அவர் மனைவி எடுத்துச் சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டார்.

ஆடி மாதம், காடு சும்மா கிடந்தபோது பொக்லைன் வந்து இறங்கியது. அன்று காலை மூத்தார் வந்து, குட்டைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடத்தின் நடுவில் நின்றுகொண்டார்.

"மேல வர்ற தண்ணிய பூரா நீ புடிச்சு வச்சிக்கிட்டா, என் பருத்தி எதக் குடிக்கும்?"

நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அவர் காட்டுப் பக்கம் வழிய வாய்க்கால் வைப்பதாக இன்ஜினியர் விளக்கினார். "நெறஞ்சாத்தான சார்?" என்றார் மூத்தார். அடுத்த ஊரில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று பொக்லைன் டிரைவர் அவசரப்படுத்தினார். போனில் கணவரைக் கூப்பிட்டேன். அண்ணனைப் பகைத்துக்கொள்ளாதே, வண்டியைத் திருப்பி அனுப்பிவிடு என்றார். வண்டி ஒரு தடவை போய்விட்டால் திரும்ப வராது என்று எனக்குத் தோன்றியது.

"நெறையலன்னா நீங்களே கரைய வெட்டி வுட்டுக்குங்க மாமா. நான் குறுக்க வரமாட்டேன்" என்றேன்.

அவர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே போனார். பொக்லைன் மண்ணைத் தோண்டத் தொடங்கியது.

ஐப்பசி மழையில் குட்டை பாதிதான் நிறைந்தது. கார்த்திகையில் வானம் வெளுத்துப்போனது. அவருடைய பருத்தி காய் பிடிக்கும் பருவத்தில் இலை தொங்கி நின்றது. என் மக்காச்சோளமும் மதியத்தில் சுருண்டது. ஒரு காலை அவர் மண்வெட்டியோடு கரையேறி வந்தார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். விலகி வழி விட்டேன்.

குட்டைக்குள் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். தண்ணீர் அவர் காட்டு மட்டத்துக்கும் வெகு கீழே பள்ளத்தில் கிடந்தது. கரையை வெட்டினாலும் ஒரு சொட்டு வெளியே வராது.

"இது தெரிஞ்சுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னியா?"

சத்தியமாகத் தெரியாது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தத் தண்ணீர் ஒருவர் காட்டுக்குத்தான் போதும். கரையை வெட்டிக்கொள்ளச் சொன்ன வாக்கு அன்று முழுக்க என்னை விடவில்லை. மறுநாள் தண்ணீர் இறைக்க வாடகைக்கு ஆயில் இன்ஜின் எடுத்துவந்து கரையில் வைத்து, ஹோஸை முதலில் அவர் பருத்திக்கு இழுத்து விட்டேன். இன்ஜின் சத்தம் கேட்டு ஓடிவந்தவர் ஹோஸ் முனையைக் கையில் வாங்கி ஒவ்வொரு சாலாகப் பாய்ச்சிக்கொண்டே போனார். பாதிக் காடு நனைவதற்குள் தலையைத் தூக்கி, "போதும், நிறுத்து. உன் சோளத்துக்கு வுடு" என்றார்.

இன்னும் கொஞ்சம் பாயட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவரே ஹோஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்.

மிச்சத் தண்ணீர் என் காட்டில் வேலியோரம் வரை எட்டவில்லை. அந்தப் பக்கம் கதிர் சிறுத்துப்போனது. மற்றதெல்லாம் தேறிவிட்டது. கதிர் ஒடிக்க அவரும் அவர் மனைவியும் கூப்பிடாமலே வந்தார்கள். கதிர் சிறுத்த வேலியோரத்தில் இருந்து அவர்தான் ஒடிக்கத் தொடங்கினார்.