மன்றாட்டில் நடந்த சண்டை

போன வருடம் செக்காலையில், எங்கள் வீட்டில் நடந்தது இது. பொறியியல் படித்த என் தம்பி, பக்கத்து ஊரான கொத்தமங்கலத்தில் ஹோட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தான். அன்றிலிருந்து பள்ளி ஆசிரியரான அப்பா அவனோடு பேசுவதில்லை. "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான். அடுத்த மாதம் அவன் கொச்சியில் வேறு வேலைக்குப் போகவிருந்தான். இப்படியே போய்விட்டால் பிறகு எந்தச் சாக்கில் பேசுவார்கள் என்று எனக்குப் பயம்.

நான் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவள். எதற்கும் பட்டியல் போட்டால்தான் நிம்மதி. ஞாயிறு மாலை குடும்ப நேரம் என்று அறிவித்தேன். ஒன்று, போன் எல்லாம் அலமாரிக்குள். இரண்டு, வட்டமாக உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச வேண்டும். மூன்று, குறுக்கே யாரும் பேசக் கூடாது.

குறுக்கே பேச எதுவுமே இருக்கவில்லை. அப்பா, "விசேஷமா ஒண்ணும் இல்ல" என்றார். தம்பி, "எனக்கும் அதேதான்" என்றான். அம்மா, சிலிண்டர் தீரப்போவதைச் சொன்னார். அடுத்த வாரமும் அப்படியே. "என்னடி, ஆபீசையே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்ட?" என்று அம்மா சலித்துக்கொண்டார்.

அதற்கடுத்த ஞாயிறு, அம்மா பேசாமல் ஜெபமாலையைக் கையில் எடுத்தார். நாங்கள் பள்ளியில் படித்தபோது தினமும் சொன்னது. ஆளுக்கொரு வேலை நேரம் என்றானதும் விட்டுப்போனது. ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஆண்டவரிடம் ஒரு மன்றாட்டு, அதாவது வேண்டுதல், சொல்வோம். யார் என்ன கேட்டாலும் மற்றவர்கள், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லியே ஆக வேண்டும்.

எல்லோரும் சுவரோரம் இருந்த சுரூபச் சிலையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அப்பா தொடங்கினார். "ஆண்டவரே, இந்த வீட்டுல ஒருத்தன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வேலைக்குச் சேந்துட்டான். அவனுக்கு நல்ல புத்தியத் தாரும்." எல்லோரும் பதில் சொன்னோம். தம்பியும்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்து அவன். "ஆண்டவரே, கேட்டா வேணாம்னு சொல்லிருவாகன்னு பயந்துதான் கேக்கல. ஒரு நாளாச்சும் நான் சமைச்சத அப்பா சாப்பிடணும்."

இப்போது பதில் சொல்வது அப்பாவின் முறை. சுரூபத்தையே பார்த்தபடி, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்.

"இவுக ரெண்டு பேருக்கும் தூது போயே நான் ஓஞ்சு போனேன் ஆண்டவரே" என்று அம்மா ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா திரும்பாமலே கேட்டார், "அடுத்த ஞாயித்துக்கெழம என்னடா சமைக்கப் போற?"

தம்பி இப்போது கொச்சியில் இருக்கிறான். ஞாயிறு மாலை ஒரு போன் மட்டும் அலமாரியிலிருந்து வெளியே வந்து சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கும்; அதில் தம்பியும் மன்றாட்டு சொல்வான். மன்றாட்டில் பாதி இன்னமும் சண்டைதான். முகம் பார்த்து உட்கார வைத்தபோது வராத பேச்சு, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தபோது வந்ததே என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்கிறேன்.