பாறை வளைவும் பழைய சிப்பும்

என் கடை மேசையின் இழுப்பறையில் ஒரு வெள்ளை மாத்திரை டப்பா இருக்கிறது. ஒரு காலத்தில் இரும்புச்சத்து மாத்திரை இருந்த டப்பா. இப்போது அதற்குள், கட்டைவிரலில் பாதி நீளமுள்ள ஒரு கருப்புச் சிப் கிடக்கிறது. பழைய பெட்ரோல் கார் ஒன்றின் இன்ஜின் கம்ப்யூட்டரில் இருந்து நான் கழற்றியது. அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே எழுதியிருக்கும் புரோகிராம் மெல்ல அழிந்துவிடும் என்பதால் ஜன்னலை மூடி எதையாவது ஒட்டி வைப்போம். இதில் ஒட்டியிருப்பது புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரி. டப்பாவின் மூடியிலும் அதே பிளாஸ்திரிதான். அதன் மேல் நீலப் பேனாவில் சாய்ந்த கையெழுத்து: "பழசு. தூக்கிப் போடாதீங்க."

எழுதியவர் சிஸ்டர். கள்ளக்குறிச்சியில் கன்னியர் மடம் ஒன்றில் நர்ஸாக இருந்தவர். மணலூர்பேட்டைப் பக்கம் நெல்லும் கரும்பும் விளைகிற ஒரு ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது சிறியவர். நான் அவரை சிஸ்டர் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கல்வராயன் மலைக்கு மருந்துப் பெட்டிகளோடு காரை ஓட்டிக்கொண்டு போவார். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரில் சாயங்காலம்வரை உட்கார்ந்து காய்ச்சல், இருமல், கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம் என்று பார்த்துவிட்டு, முடியாதவர்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு இறங்குவார். அந்த ஊருக்கு வாரத்தில் கிடைத்த மருத்துவம் அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிஷிவந்தியத்துப் பக்கம் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து, டிப்ளமோ படித்து, சென்னையில் கார்களின் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பிரித்து மேய்ந்துவிட்டு, சங்கராபுரம் சாலையில் கடை போட்டவன். ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் கைவிட்ட வண்டிகள் என்னிடம் வரும். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இன்றும் குறையவில்லை. சாமி, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு எண் இருக்கும், அந்த எண் எங்கோ எழுதியிருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்புகிறவன்.

சிஸ்டரின் கார், வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம் மடத்துக்கு விட்டுச்சென்றது. கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்ற ஆரம்பித்த முதல் தலைமுறை வண்டிகளில் ஒன்று. கீழே சமவெளியில் சொன்னபடி கேட்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏற ஆரம்பித்தால்தான் வம்பு. பாதி மலையில் பெரிய பாறை ஒன்று சாலைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வளைவு வரும்போது கரும்புகை கக்கி, பெட்ரோல் வாசனை அடித்து, நொண்ட ஆரம்பிக்கும். நான்கு மெக்கானிக்குகள் பிளக்கை மாற்றினார்கள், பம்பை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள். வண்டி மட்டும் மாறவில்லை.

சிஸ்டர் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். பாறை வளைவில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவார். ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லுவார். திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினால் வண்டி சமர்த்தாக மேலே போகும். இதை அவர் என்னிடம் சொன்னபோது கடையில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் சிரித்தேன். அப்படியானால் என்னிடம் எதற்கு வந்தீர்கள், பங்குச் சாமியாரிடம் சர்வீஸுக்கு விடலாமே என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சிரிங்கண்ணே. ஆனா நின்னு ஜெபம் பண்ணா போவுது. இல்லாங்காட்டி போவ மாட்டுது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

என்னிடம் வர வேறு காரணம் இருந்தது. மடத்துக்குத் தலைவியாகப் புதிதாக ஒரு மதர் வந்திருந்தார். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி நடுமலையில் நின்று ஜெபித்தால்தான் ஓடும் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் தானே உடன் வந்து பார்ப்பதாகவும், வழியில் ஒருமுறை நின்றாலும் காரை விற்றுவிட்டு மலைக்குப் போவதையே நிறுத்திவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். மடத்தில் வேறு கார் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தச் சிற்றூரில் காத்திருப்பவர்கள் இனிச் சும்மா காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று சிப்பில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து எழுதினேன். மலையில் பரவாயில்லை. கீழே இறங்கியதும் வண்டி உதற ஆரம்பித்தது, சூடேறியது. மலைக்குப் போட்டால் ஊருக்கு ஆகவில்லை, ஊருக்குப் போட்டால் மலைக்கு ஆகவில்லை. கடைசியில் லேப்டாப்பைக் கம்ப்யூட்டர் பெட்டியோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நானும் உடன் போனேன். பாறை வளைவில் சிஸ்டர் நிறுத்தி இறங்கினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்ப வந்து சாவியைத் திருப்பிய நொடியில், காற்றழுத்தம் என்ற கட்டத்தில் இருந்த தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றிரண்டாக மாறியது.

அத்தனையும் புரிந்துவிட்டது. மேலே போகப் போகக் காற்று மெலியும், பெட்ரோலும் குறைய வேண்டும். அந்த வண்டியில் காற்றழுத்தம் பார்க்க ஒரே ஒரு கருவிதான். இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் அது இன்ஜினின் உறிஞ்சலைப் பார்க்கிற வேலைக்குப் போய்விடும். ஆகவே பழைய புரோகிராம், சாவி திருப்புகிற அந்த இரண்டு வினாடியில் வெளிக்காற்றை ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும். அணைக்கும்வரை அதையே நம்பும். கள்ளக்குறிச்சியில் கிளம்பிய வண்டி, பாதி மலையிலும் தான் கள்ளக்குறிச்சியில் இருப்பதாகவே நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது. நான் வெற்றிவீரன் மாதிரி இதைச் சிஸ்டரிடம் விளக்கினேன். ஜெபம் இல்லை சிஸ்டர், அணைத்துப் போட்டதுதான் மருந்து என்றேன். அவர் மிக நிதானமாக, "இன்ஜின் ஓடிக்கினு இருந்தா எப்டிங்கண்ணே ஜெபம் பண்றது? ஜெபம் பண்ணத்தான அணைச்சேன்?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இனி அட்டவணையைத் திருத்திப் பயனில்லை. அட்டவணையைப் படிக்கிற புரோகிராமையே மாற்ற வேண்டும். இதே கம்ப்யூட்டர் பெட்டியை வேறொரு மாடலிலும் வைத்திருந்தார்கள். அதன் புரோகிராம் வண்டி ஓடும்போதும் காற்றழுத்தத்தைத் திருத்திக்கொள்ளும் என்று தெரியும். சென்னை நண்பர் ஒருவரிடம் அது இருந்தது, வாங்கிப் புதுச் சிப்பில் எழுதினேன். பழைய எண்களை அப்படியே எடுத்துப் புதியதில் போட்டு முதலில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். ஒவ்வொரு புரோகிராமுக்கும் எண்களின் பொருள் வேறு. அங்கே அரை டம்ளராக இருப்பது இங்கே முழு டம்ளர். வண்டி இரண்டு நாள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு கட்டமாகக் கணக்குப் போட்டு மாற்றி எழுதினேன். நானே மலைக்கு ஓட்டிப்போய்ச் சோதித்தேன். எனக்குக் கால் கனம். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தித்தான் ஓட்டுவேன். வண்டி பாறை வளைவைத் தாண்டி வெள்ளிமலைவரை ஒரே மூச்சில் போனது. இனி உங்கள் ஜெபத்துக்கு வேலை இல்லை என்று சிஸ்டரிடம் சொன்னேன். மடத்து வாசலில் நின்று இரைந்தே சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதர் முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, லேப்டாப்போடு. சிஸ்டர் ஓட்டினார். எப்போதும் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி பின்சீட்டில் இருப்பதுபோல்தான் அவர் ஓட்டுவார். பாதிக்கு மேல் ஆக்சிலேட்டரை அழுத்தி நான் பார்த்ததில்லை. அணை தாண்டியது. ஏற்றம் ஆரம்பித்தது. திரையில் தொண்ணூற்றெட்டு. நாலு வளைவு ஏறிய பிறகும் தொண்ணூற்றெட்டு. பாறை தெரிந்தபோது பழையபடி பெட்ரோல் வாசனை அடித்தது, வண்டி நொண்டியது. மதர் தலையைத் திருப்பாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டரின் கை சாவியின் மேல் போனது. அணைத்துப் போட்டால் வண்டி நிச்சயம் போகும். ஆனால் நின்றதாகிவிடும், மலைக்குப் போவதும் அத்தோடு முடியும். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அணைக்காமல் வெளிக்காற்றைப் பார்க்க இந்தப் புதிய புரோகிராமுக்கும் ஒரே ஒரு வழிதான். ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால் காற்று போகிற வழி முழுக்கத் திறந்து இன்ஜினின் உறிஞ்சல் இல்லாமல் போகும், அப்போது அந்தக் கருவி வெளிக்காற்றைப் பார்க்கும். நான் என் காலை வைத்துச் சோதித்தேனே தவிர, ஓட்டப் போகிறவரின் காலை நினைக்கவே இல்லை.

"சிஸ்டர், நிறுத்தாதீங்க. ஆக்சிலேட்டர முழுசா அழுத்துங்க. தரையோட."

"ஏத்தத்துல நொண்டிக்கினு கீதுண்ணே."

"தெரியும். அழுத்துங்க."

அவர் சாவியில் இருந்து கையை எடுத்தார். அழுத்தினார். வண்டி ஒருமுறை இருமி, பின்னால் ஒரு மூட்டை கரும்புகையை விட்டது. திரையில் தொண்ணூற்றிரண்டு வந்தது. அதன் பிறகு அந்த வண்டி பாறையைச் சுற்றிப் பாய்ந்த பாய்ச்சலில் மருந்துப் பெட்டி ஒன்று என் மடியில் விழுந்தது. மதர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஆண்டவரை மெல்லிய குரலில் கூப்பிட்டார். வெள்ளிமலைவரை வண்டி எங்கும் நிற்கவில்லை. மேலே போய் இறங்கியதும் மதர் சேலையைச் சரிசெய்துகொண்டு, காரை விற்க வேண்டாம், ஆனால் சிஸ்டர் இவ்வளவு வேகமாக ஓட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

நான் இளித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு முன்னால் என்னருகே வந்தார். "நீங்க சொன்னத நம்பி சாவிய வுட்டேன். நான் சொன்னத ஒரு நாளாச்சும் நம்புனீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவர் முறை ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. நான்கு மெக்கானிக்குகளும் நானும் தோற்றிருந்தோம். அவரைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். லேப்டாப் வயரைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு சிஸ்டர் பல வருடம் அந்தக் காரை ஓட்டினார். பாறை வளைவில் மட்டும் ஒரு மிதி மிதிப்பார் என்று மலைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வடக்கே ஒரு மலைப்பகுதிக்கு மாற்றலாகிப் போகும்போது கடைக்கு வந்தார். பழைய சிப்பை அவர்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதை மாத்திரை டப்பாவில் போட்டு, மூடியில் எழுதி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு அவரைப் பார்க்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார்.

போன மாதம் மடத்தில் இருந்து அதே கார் வந்தது. இப்போது மலைக்குப் போகிற சிஸ்டர் வயதில் சின்னவர். வண்டி பாதி மலையில் நொண்டுகிறது என்றார். புரோகிராமைப் பார்த்தேன், ஓர் எண்கூடக் கெடவில்லை. எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "பொறுமையாத்தாங்க போவேன்" என்றார். வாருங்கள், காட்டுகிறேன் என்று உடன் போனேன். பாறை வளைவில் சொல்லி வைத்ததுபோல் நொண்டியது. அழுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி இறங்கிக்கொண்டிருந்தது, சாலை தூறலில் நனைந்திருந்தது. அந்த இடத்தில் அழுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓரம் கட்டி அணைக்கச் சொன்னேன். சாவி திருப்பும்போது காற்றைப் பார்க்கிற வழக்கம் புதிய புரோகிராமுக்கும் உண்டு.

இருவரும் இறங்கினோம். லாரி கடந்து போனது. "எவ்ளோ நேரங்க நிக்கணும்?" என்று அவர் கேட்டார். நிற்கவே வேண்டியதில்லை, அணைத்துத் திருப்ப இரண்டு வினாடி போதும். என்னைவிட அது யாருக்குத் தெரியும்.

"ஜெபமாலையில ஒரு பத்து மணி சொல்ற நேரம்" என்றேன்.

அவர் எதுவும் கேட்காமல் மாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் பாறையோரம் நின்றேன். முடித்து ஏறினோம். வண்டி சமர்த்தாக மேலே போனது. அன்று சாயங்காலம் கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். டப்பா மூடியில் பிளாஸ்திரியின் ஒரு முனை உரிந்து தூக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். பிறகு, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாலும், வடக்கே இருக்கிற சிஸ்டருக்கு நானே போன் போட்டேன்.