மேகம் வந்தால் மங்கும் திரை

என் போனின் வெளிச்சத்தை எப்போதும் அடியோடு குறைத்தே வைத்திருப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம். மகன் அதைக் கண்டு சிரித்தான்.

"ஏம்மா, குகைக்குள்ளயா படிக்கிற? ஆட்டோ பிரைட்னஸ் போட்டுட்டேன். வெயிலுக்கும் மேகத்துக்கும் தகுந்த மாதிரி அதுவே மாத்திக்கும்."

அன்றிலிருந்து கோந்த்வாவில் பஸ் ஏறியதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மழைக்காலம். மேகம் மூடினால், தூக்கம் வந்த கண்போலத் திரை மெல்ல மங்கும். விலகினால் விழித்துக்கொள்ளும். மரங்களுக்கு அடியில் போகும்போது ஒரு வெளிச்சம், பாலத்தின் மேல் வேறொன்று. வானமும் போனும் என்னைக் கேட்காமல் ஏதோ பேசிக்கொள்வதாகத் தோன்றும். வேலைக்குப் போகிறேன் என்பதே மறந்துவிடும்.

அந்த மங்கலில்தான் வேலூரில் இருக்கும் அக்காவுக்கு எழுதுவேன். அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் போய் நிற்கப் பயம். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. 'ரெண்டு வருஷம் ஆச்சுக்கா, அன்னிக்கு லீவு கிடைக்கல' என்று தினமும் எழுதுவேன். நான் இறங்கும் ஹடப்சர் வருவதற்குள் அழித்துவிடுவேன். சுற்றிலும் மராட்டியும் இந்தியும்தான். தமிழ் எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

ஒரு நாள் காலை சட்டென்று வெயில் அடித்தது. திரை பளீரென்று வெளுத்து, எழுத்தெல்லாம் கறுப்பாக எழுந்து நின்றது. கண்டக்டரிடம் மராட்டியில் டிக்கெட் வாங்கிய பக்கத்து சீட் அம்மாள், குனிந்து பார்த்துத் தமிழில் கேட்டார்.

"ரெண்டு வருஷமாவா லீவு கிடைக்கல?"

எனக்குக் காது சுட்டது.

"அரே, எனக்கும் தமிழ்தான்மா. எங்கப்பா இங்க கட்கியில வெடிமருந்து பேக்டரில வேலை பாத்தாரு. நீ தினம் எழுதி எழுதி அழிக்கிறத பாக்குறேன். ஒண்ணும் சரியா தெரியாது. இன்னிக்கு வெயில் புண்ணியத்துல தெரிஞ்சுது."

அவர் பார்த்துக்கொண்டிருக்கையில் மறுபடியும் அந்தப் பொய்யை எழுத மனம் வரவில்லை. அழித்துவிட்டு, 'கூட்டத்தைப் பார்த்துப் பயந்துட்டேன்க்கா, அதான் வரல' என்று எழுதினேன்.

"ம், அனுப்பு. திரும்ப மேகம் வந்துடப் போகுது" என்றார்.

அனுப்பினேன். சிறிது நேரத்தில் போன் அடித்தது. அக்கா.

"பைத்தியமே, சொல்லியிருந்தா உன்னை சமையக்கட்டுலயே உக்கார வெச்சிருப்பேனே!"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. நான் அழுதுகொண்டே பேசினேன்.