வேப்பங்குச்சிக்குள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த காலத்தில் நான் கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளன். மருந்து மரங்களின் சாறு கிருமிகளை என்ன செய்கிறது என்று அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அகர் அகர் என்னும் கடற்பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, அதன்மேல் சீழைத் தடவி, நடுவில் ஒரு சொட்டு வேப்பிலைச் சாறு விடுவேன். சாறு விழுந்த இடத்தைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வட்டம் தெளிவாக நிற்கும். அந்த வட்டத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் நான் பெருமை பேசாத நாளில்லை.

"அகர் அகர நாங்க தின்போம். அண்ணே அதக் கிருமிக்கு ஊட்டுறாரு," என்பாள் அடுத்த வீட்டுக்காரி. அவள் கணவர் தண்டவாள வேலைக்காரர். "அதுக்குச் சம்பளம் வேற," என்று அவளே முடிப்பாள்.

ஒருமுறை டாக்டர் வேப்பங்குச்சியையே தட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். குடியிருப்புக்குப் பின்னால் நின்ற மரத்தில் ஒடித்து, ஸ்பிரிட்டில் கழுவி, மேற்பட்டையை நெருப்பில் வாட்டி, பிளந்து வைத்தேன். சில நாட்களில் குச்சியின் உள்ளிருந்து வெள்ளையாக ஏதோ படர்ந்தது. கிருமியைத் தடுக்கும் மரத்துக்குள்ளேயே கிருமிகள் குடியிருந்தன. அது ஒரு கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. கை சுத்தமில்லாதவன் என்று டாக்டர் சொல்லிவிடுவார் என்ற பயம்தான் வந்தது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் வளர்ந்தது. தட்டுகளைக் கொதிநீரில் போட்டுவிட்டு, ஒன்றும் வளரவில்லை என்று சொன்னேன்.

அந்த வாரம்தான் அடுத்த வீட்டுப் பெண்குழந்தைக்குக் காது குத்தினார்கள். குத்தியவர் எங்கள் தெருவில் நகை செய்த பத்தர். கம்மல் செய்ய வசதி வரும்வரை துளை தூர்ந்துபோகாமலிருக்க வேப்பங்குச்சியைச் சீவிச் செருகுவது வழக்கம். தாய் குச்சியோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இதச் சுடுதண்ணில போட்டு எடுக்கணுமா, அப்படியே வைக்கலாமா?"

போடச் சொன்னால், வேம்புக்கே கிருமியா என்று சிரிப்பாள். நான் பேசிய பெருமையெல்லாம் போய்விடும்.

"வேப்பங்குச்சிதானே. ஒன்னும் ஆகாது."

காது வீங்கியது. வீக்கம் கன்னத்துக்கு இறங்கியது, காய்ச்சல் ஏறியது. கைமருந்தெல்லாம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

குச்சிக்குள் இருந்ததுதான் கொன்றதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. தொட்ட கைகளின் அழுக்காக இருக்கலாம், துடைத்த துணியாக இருக்கலாம். மரத்துக்குள் வாழும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை மனிதரை ஒன்றும் செய்வதில்லை என்று பின்னாளில் படித்தேன். அது எனக்கு ஆறுதல் தரவில்லை. கேட்டு வந்தவளிடம், தெரிந்ததை மறைத்து, சுடுதண்ணீர் வேண்டாம் என்றவன் நான்.

பழி பத்தர்மேல் விழுந்தது.

"துருப்புடிச்ச ஊசில குத்திட்டு, துக்கம் கேக்க வந்துட்டான்," என்றார் ஒருவர், சாவு வீட்டு வாசலில்.

பத்தர் கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார். "தம்பி, நீ பக்கத்துலதானே நின்ன. ஊசிய நெருப்புல காட்டித்தானே குத்தினேன்? படிச்சவன் நீ சொன்னா கேப்பாங்க."

ஊசி சிவக்கும்வரை அவர் காட்டியதை நான் பார்த்திருந்தேன். ஊசி சுத்தம் என்றால், அடுத்த கேள்வி குச்சியைப் பற்றி வரும். தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சரியாக் கவனிக்கல," என்றேன்.

பிறகு அந்தத் தெருவில் யாரும் அவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகவில்லை. கடையை மூடிவிட்டுக் கிள்ளானுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். கிள்ளானுக்கு ரயில் தினமும் என் வீட்டைக் கடந்துதான் போனது. நான் ஏறவில்லை.