பிரித்துக் கொடுத்த இன்லேண்ட் லெட்டர்

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழியின் அப்பா வேப்பூர் ஹைவேயில் டிபன் கடை போட்டதால், அந்தக் குடும்பம் அங்கே போய்விட்டது. போனைக் கையில் கொடுத்தால் இரண்டு பேரும் "சாப்ட்டியா", "ம்" என்று முடித்துவிடுவார்கள். ஒருநாள் என்னோடு போஸ்ட் ஆபீஸ் வந்தவள் இன்லேண்ட் லெட்டரைப் பார்த்துவிட்டு வேண்டுமென்று நின்றாள். எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று காதை வைத்துக் கேட்டாள்.

நானும் வீட்டுக்காரரும் பகலெல்லாம் எங்கள் செராமிக் பட்டறையில் கிடப்போம். வீடு பூட்டியே இருக்கும். அதனால் ஸ்கூல் அட்ரஸைக் கொடுத்திருந்தாள். முதல் பதில் வந்த அன்று பையோடு பட்டறைக்கே ஓடி வந்தாள்.

"ம்மா, எம் பேரு போட்டு வந்திருக்குது!"

அகல் விளக்குக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரிடமும் காட்டினாள். பிரிக்க மனசே வரவில்லை அவளுக்கு.

அடுத்த கடிதம் வந்த அன்று அழுதுகொண்டு வந்தாள். வகுப்பு டீச்சர் அதைப் பிரித்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்திருக்கிறார். புது ஸ்கூலில் யாரும் தன்னோடு பேசுவதில்லை, லாரிச் சத்தத்துக்குப் பயந்து அம்மாவைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. வகுப்பே சிரித்ததாம்.

மறுநாள் காலையில் போய் நின்றேன்.

"பொம்பளப் புள்ளைக்கு லெட்டர் வருது. யாரு எழுதுனதுன்னு நாங்க பாக்க வேணாமாங்க?" என்றார் டீச்சர்.

"பாத்தீங்க, சரி. கிளாஸ்ல எதுக்குங்க படிச்சீங்க?"

"லெட்டர்ல அவ்ளோ எழுத்துத் தப்புங்க. மத்த புள்ளைங்களும் தெரிஞ்சிக்கட்டுமேன்னுதான்."

கடிதத்தை மேசையிலிருந்து எடுத்து நீட்டினார். அவசரத்தில் கிழித்ததில் கடைசி வரி பாதி போயிருந்தது. மீதியெல்லாம் சிவப்பு மையில் வட்டம். 'பயமா இருக்குடி' என்பதையும் வட்டம் போட்டு, மேலே 'பயமாக இருக்கிறது' என்று திருத்தியிருந்தார்.

"இது உங்களுக்கு எழுதுனது இல்லீங்க டீச்சர்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வராண்டாவில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மன்னிப்பு கேட்கவில்லை. "சின்ன விஷயங்க இது" என்றார்.

இனிமேல் பட்டறை அட்ரஸைக் கொடுத்து எழுதும்படி மகளிடம் சொன்னேன். பல நாள் அவள் பேனாவைத் தொடவில்லை. பிறகு எழுதியதை என்னிடமே நீட்டினாள்: 'நான் நலம். நீ நலமா? இங்கு நல்ல மழை.'

"வேற ஒண்ணும் எழுதலியாடி?"

"யாராச்சும் படிச்சிட்டா?"

அதையே ஒட்டிப் பெட்டியில் போட்டாள். ஆனால் அந்தத் தோழி விடவில்லை. 'என்னடி டீச்சர் மாதிரி எழுதற' என்று திட்டிப் பதில் போட்டாள். அதைப் படித்து மகள் சிரித்த சிரிப்பில் பட்டறைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதுகிறாள். நான் கிட்டப் போனால் கையால் மறைக்கிறாள். மறைக்கட்டும். அந்த டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தால், நான் இன்னும் முகம் கொடுப்பதில்லை.