ஸ்பிரிட் வாசம்

மௌனிகா குடிக்கிறாள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவராவது கேட்டார்களா? அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சில் தோய்த்து, காலை ஒன்பதிலிருந்து சமையலறைக் கப்போர்டுக்குப் பாலிஷ் போடுகிறவளிடம் பின்னே மல்லிகைப் பூவா மணக்கும்? ஆனால் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொல்லங்கோட்டில் ஸ்பிரிட் என்றால் எல்லை தாண்டி லாரியில் பதுங்கி வருகிற சரக்குதான். மரத்துக்குப் போடுவதற்கும் அதே பேர்தான் என்று எதிர்வீட்டு சிஞ்சுவிடம் சொல்லிப் பார்த்தால், "மரத்துக்கு ஒரு சொட்டு, வாய்க்கு ஒரு சொட்டு" என்கிறாள்.

பேர்தான் மௌனிகா. கைப்பிடியைச் சுற்றி வெளுத்த இடத்தை உப்புத்தாளால் நீவும்போதே வாய் ஓடும். ஒரு வீட்டில் எட்டாத உயரத்துக் கதவு மட்டும் தேய்ந்து கிடந்தது. "ஏனுங்க அக்கா, மிச்சர் டப்பாவ மேல ஒளிச்சு வெச்சா ஆரும் எடுக்கமாட்டாங்கன்னு நெனச்சீங்களாக்கும்?" என்றாள். அந்த வீட்டுக்காரர் அன்று முழுக்க அடுக்களைப் பக்கம் வரவில்லை.

நிறம் பார்க்க அவளுக்கு அட்டை வேண்டாம். கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்து, நகத்தைக் கதவோடு ஒட்டிப் பார்ப்பாள். தேக்குக்கு ஒரு நகம், பலாவுக்கு ஒரு நகம். மருதாணியா என்று யாராவது கேட்டால், "ஆமாங்க, தேக்கு மருதாணி" என்பாள்.

பொள்ளாச்சியில் ஸ்பிரிட் வாங்கி வரும்போது ஒருமுறை சோதனைச் சாவடியில் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார் ஓர் அதிகாரி. அன்றைக்கென்று மௌனிகா வாயே திறக்கவில்லை. அவருடைய மேசையில் முழங்கை பட்டு வெளுத்த விளிம்பைக் கால்மணி நேரம் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள். மிச்ச மூன்று பக்கத்துக்கு எப்போது வருவாய் என்று கேட்டாராம் அவர்.

அப்படிப்பட்டவளை முருகேஸ்வரி வீட்டில் என்ன கேட்டார்கள் தெரியுமா? மகளுக்கு மறுநாள் நிச்சயம். பத்துக் கதவில் ஒன்பது முடிந்துவிட்டது. சிஞ்சு வாசலில் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். முருகேஸ்வரி நேரே அடுக்களைக்கு வந்தாள்.

"மௌனி, கோவிச்சுக்காத. நாளைக்குச் சம்பந்தக்காரங்க வர்றாங்க. ஒருக்கா ஊதிக் காட்டீரு."

"என்னத்தைங்க அக்கா?"

"வாயத்தான். ஒரு வாய்க் காத்துதான கண்ணு? ஊதீட்டீன்னா நானே ஊரெல்லாம் சொல்லிப்போடறேன்."

காலையில் அவள் தின்றது இட்லியும் வெங்காயச் சட்னியும். ஊதியிருந்தால் அதுதான் மணத்திருக்கும். பேச்சும் அத்தோடு அடங்கியிருக்கும்.

"உங்கூட்டுல ஊதுனா, நாளைக்கு ஒவ்வொரு ஊட்டுலயும் ஊதித்தானுங்க உள்ள போகோணும்," என்றாள் மௌனிகா. "ஊதாட்டி வேலை இல்லீன்னு சொல்லுவாங்க. சொல்லட்டுங்க."

சொல்லிவிட்டுப் பத்தாவது கதவின் பக்கம் திரும்பினாள். அவசரப்படவில்லை. கடைசிப் பூச்சுவரை கொடுத்து முடித்தாள். கை கழுவத் தண்ணீர் கேட்கவில்லை. முன்கதவு சாத்தியிருந்தது, திறந்துவிடவும் யாரும் வரவில்லை. விரலெல்லாம் காயாத பாலிஷ். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கதவில் ஒரு விரல்கூடப் படாமல், முழங்கையால் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து வெளியே போனாள்.